384 பேரைத் துரத்திய மாணவன் எழுதும் மடல்

மேலாண்மைப் படிப்பில் ஆய்வு முறையியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எம்பிஏ முடித்து நான்கு வருடம் ஆகிறது. ப்ராஜெக்டுக்காக நான் செய்ததை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதையேதான் செய்தோம், மதிப்பெண்ணும் போட்டீர்கள், அதனால் அந்தக் கூச்சத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று உரிமையோடு எழுதுகிறேன்.

எனக்குத் தலைப்பு முடிவாகும் முன்பே கேள்வித்தாள் முடிவாகிவிட்டது. சீனியருடையதை வாங்கி 'வாடிக்கையாளர்' என்றிருந்த இடமெல்லாம் 'ஊழியர்' என்று மாற்றி, 'முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்' தொடங்கி 'கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை' வரை ஐந்து கட்டம் போட்டு, கூகுள் ஃபார்மில் ஏற்றி, தெரிந்த வாட்ஸ்அப் குழுவுக்கெல்லாம் அனுப்பி, 384 பேர் சேரும்வரை எல்லோருடைய உயிரையும் எடுத்தேன். ஏன் 384? அட்டவணையில் அப்படித்தான் இருந்தது.

அந்த அட்டவணை 1970-இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஒரு பெரிய கூட்டத்தில் எத்தனை சதவீதம் பேர் இப்படி என்பதை 5 சதவீதப் பிழைக்குள், 95 சதவீத உறுதியோடு சொல்ல எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்ற கணக்கு அது. அந்த ஆட்கள் குலுக்கல் முறையில் வந்திருந்தால்தான் கணக்கு செல்லும். என் ஆட்கள் வந்தது என் போனில் இருந்த நம்பர்களிலிருந்து. அப்படிச் சேர்த்த கூட்டம் 3,840 ஆனாலும் கோணல் கோணல்தான். இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் க்ரோன்பாக் ஆல்ஃபா, அதாவது கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். 0.7-ஐத் தாண்டினால் 'நம்பகமானது' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி எட்டுத் தடவை கேட்டாலே அது ஏறிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது.

வேலைக்குப் போன பிறகு மேலாண்மை அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க்கின் ஆய்வைப் படித்தேன். மேலாளர்கள் நாள் முழுக்க உண்மையில் என்னதான் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர் ஐந்து தலைமை அதிகாரிகளை, ஆளுக்கு ஒரு வாரம், கூடவே இருந்து கவனித்துக் குறிப்பெடுத்தார். நிதானமாக உட்கார்ந்து திட்டம் தீட்டுகிறவர் என்று பாடப்புத்தகம் காட்டிய மேலாளரை அவர் அங்கே பார்க்கவில்லை. அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. 1973-இல் அது புத்தகமாக வந்தது. 'நான் திட்டமிட்டு வேலை செய்கிறேன்' என்று ஐந்து கட்டம் போட்டு அதே ஆட்களிடம் நீட்டியிருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வைவாவில் ஐந்து பேரை வைத்து ஆய்வு என்றிருந்தால் ஃபைலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐந்து பேரை வைத்து எல்லா மேலாளர்களையும் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சண்டையை வகுப்பில் போட்டிருந்தால் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேரில் எந்த மெனுவை அழுத்துவது என்று கற்றதைவிட அதிகம் கற்றிருப்போம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் ஆறு கருதுகோள்களில், அதாவது தரவு சேர்க்கும் முன்பே 'இப்படித்தான் இருக்கும்' என்று எழுதி வைத்த ஊகங்களில், இரண்டு தேறவில்லை. கைடு அவற்றை எடுத்துவிட்டு, வந்த முடிவுக்கு ஏற்ற மாதிரி வேறு இரண்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, அதை முன்பே நினைத்திருந்த மாதிரி கருதுகோள் எழுதும் இந்த வழக்கத்துக்கு 1998-இல் நார்பர்ட் கெர் 'ஹார்க்கிங்' என்று பெயரே வைத்துவிட்டார். எனக்கு அன்று அது வெறும் 'கரெக்‌ஷன்'.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் மாதம் மாணவர்கள் கையில் சாஃப்ட்வேரைக் கொடுக்காதீர்கள். ஒரு வேலையிடத்தில் இரண்டு நாள் உட்கார வைத்து, பார்த்ததை எழுதச் சொல்லி, அதிலிருந்து ஒரு கேள்வியோடு வரச் சொல்லுங்கள். கருத்துக்கணிப்பா நேர்காணலா என்பதை அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கருதுகோள் தேறாத ப்ராஜெக்டுக்கும் மதிப்பெண் போடுங்கள். என் ப்ராஜெக்டிலிருந்து தூக்கப்பட்டதில் ஒன்று, சம்பளம் கூடினால் திருப்தி கூடும் என்பது. என் தரவில் கூடவில்லை. ஏன் என்று ஒருவரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம். எனக்குப் பைண்டிங் போடும் அவசரம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்