கொரியப் பேய்கள் 1998க்கு முன்பும் இருந்தன

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கொரியத் திகில் படங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 1998இல் வந்த 'விஸ்பரிங் காரிடர்ஸ்' படத்தில் ஆரம்பித்து நேரே 2003க்குத் தாவிவிட்டது, அதற்கு முன்னால் அந்த ஊரில் பேயே இல்லாத மாதிரி. 1981இல் கோ யங்-நாம் இயக்கிய 'சடன்லி இன் த டார்க்' படத்துக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

கதை சின்னதுதான். பட்டாம்பூச்சிகளை ஆராயும் பேராசிரியர் ஒருவர், வெளியூர் போய்த் திரும்பும்போது ஓர் இளம்பெண்ணை வீட்டு வேலைக்கென்று கூட்டி வருகிறார். அவளுடைய அம்மா சாமியாடி, தீயில் கருகிச் செத்தவள். மகள் கையில் ஒரு மரப்பொம்மை. கணவருக்கும் இவளுக்கும் ஏதோ இருக்கிறது என்று மனைவிக்குச் சந்தேகம், அப்புறம் அந்தப் பொம்மையைக் கண்டாலே நடுக்கம். மனைவியாக நடித்த கிம் யங்-ஏயின் கண்களை நம்பித்தான் படமே ஓடுகிறது. அவள் கலங்கும்போதெல்லாம் காட்சி கலைடாஸ்கோப்பில் பார்ப்பதுபோலத் துண்டு துண்டாகச் சிதறும். பேய் பொம்மைக்குள் இருக்கிறதா, இவள் தலைக்குள் இருக்கிறதா என்று சொல்ல இயக்குநர் அவசரப்படுவதே இல்லை.

மாண்டோ மகாப்ரோ நிறுவனம் ப்ளூரேயில் கொண்டுவந்த பிறகு, என்னைப் போன்ற டிஸ்க் சேர்க்கும் பைத்தியங்கள் இதைத் தேடி வாங்குகிறோம். ஓடிடி இருக்கும்போது டிஸ்க் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் பழைய கொரியப் படங்கள் பல பிரதியே மிஞ்சாமல் போய்விட்டன. கிம் கி-யங்கின் 'தி ஹவுஸ்மெய்ட்' (1960, அதிலும் வினை வேலைக்காரப் பெண்ணால்தான்) எவ்வளவு பேர்பெற்ற படம்! அதன் மூல நெகட்டிவிலேயே இரண்டு ரீல் காணோம். கையால் எழுதிய ஆங்கில சப்டைட்டில் அப்பிக் கிடந்த வேறொரு பிரதியிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து, எழுத்துகளைக் கணினியில் அழித்து, 2008இல் ஒருவழியாக மீட்டார்கள். அதற்கே அந்தக் கதி என்றால், யாரும் கண்டுகொள்ளாத 1981 படம் ஒன்று முழுசாகக் கையில் கிடைக்கும்போது விடுவோமா? எனக்கு வந்த டிஸ்க்கின் உறை ஒரு மூலை நசுங்கியிருந்தது, மாற்றித் தரச் சொல்லக்கூட மனம் வரவில்லை.

அடுத்த முறை இந்தப் படத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று, அந்த மழை இரவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் தயவுசெய்து போட்டு உடைத்துவிட வேண்டாம்.

ஒரு வாசகர்,
திருச்சி