கையுறை போடாத அந்தக் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இளவரசி டயானா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் பக்கம் முழுக்க 1981-ல் நடந்த கல்யாணம், 25 அடி நீளத்துக்குத் தரையில் இழுபட்ட அந்த உடை. கடைசிப் பக்கத்தில் பாரிஸ் சுரங்கப்பாதையில் நொறுங்கிக் கிடந்த கார். நடுவில் கணவர் சார்லஸ், அவர் காதலித்த கமிலா, விவாகரத்து. எழுதியிருப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனாலும் படித்து முடித்ததும் மனசு ஒட்டவில்லை. அந்தப் பெண் செத்தபோது யார் யாரோ ஏன் அப்படி அழுதார்கள் என்று இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் ஒரு பிள்ளை கேட்டால், அதற்கு அந்தக் கட்டுரையில் பதில் இல்லை.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அதற்குப் பின் வந்த சில வருஷங்களில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது வார்டுகளில் இருந்த பயத்தை இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்து, காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். செய்தவர்கள் படித்தவர்கள், தொட்டால் இந்த நோய் ஒட்டாது என்று பாடத்தில் படித்தவர்கள். நானே முதல் நாள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டுதான் தெர்மாமீட்டரை நீட்டினேன். கட்டிலில் இருந்தவர் என் கையையே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

லண்டனிலும் அதே பயம்தான். 1987 ஏப்ரல் மாதம் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே பிரிட்டனில் முதன்முதலாக அமைந்த பிராடரிப் வார்டைத் திறந்துவைக்க டயானா போனார். இளவரசி கையுறை போடுவாரா, மாட்டாரா என்று பார்க்கத்தான் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். அவர் போடவில்லை. வெறும் கையால் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். படத்தில் அந்த நோயாளியின் முதுகுப் பக்கம்தான் தெரியும். முகம் தெரியக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நோய் வந்தது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு. அப்படி ஒரு காலம் அது.

அந்தப் படத்தை ஒரு பழைய பத்திரிகையில் நான் பார்த்தது இரண்டு மூன்று வருஷம் கழித்து. வெட்டி எடுத்து, எங்கள் டியூட்டி ரூம் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். யாரும் கிழிக்கவில்லை.

தொழுநோயிலும் அவர் இப்படித்தான். 1989-ல் இந்தோனேசியாவில் சிதனாலா தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, கட்டுப்போட்ட கைகளைப் பிடித்துக்கொண்டு பேசினார், கட்டிலில் உட்கார்ந்தார். கட்டிலில் உட்கார்வது சின்ன விஷயம் என்று தோன்றும். நோயாளிக்கு அது சின்ன விஷயம் இல்லை. நின்றபடி குனிந்து விசாரித்தால் அவர் உடனே "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று முடித்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வலி எங்கே இருக்கிறது என்று சொல்வார். டயானாவுக்கு இதை அரண்மனை கற்றுக்கொடுத்திருக்காது. கல்யாணத்துக்கு முன் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். குழந்தைகளுக்குச் சரிசமமாகத் தரையில் உட்காரும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1996-ல் விவாகரத்து ஆனதும், நூறு அமைப்புகளுக்குப் பக்கமாக வகித்துவந்த புரவலர் பொறுப்புகளை விட்டுவிட்டார். ஆறு மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஆறில் தொழுநோய்க்கான அமைப்பு ஒன்று, எய்ட்ஸ் அறக்கட்டளை ஒன்று, குழந்தைகளுக்கான கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை ஒன்று, ராயல் மார்ஸ்டன் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று, வீடில்லாத இளைஞர்களுக்கான சென்டர்பாயிண்ட் ஒன்று. ஆறாவது அவருக்கு உயிரான பாலே நடனத்துக்கு. யாரும் கட்டாயப்படுத்தாதபோது ஒருவர் எதைக் கையில் வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள்.

அதற்கு அடுத்த வருஷம்தான் கண்ணிவெடி. 1997 ஜனவரியில் அங்கோலா நாட்டின் ஹுவாம்போ நகரத்தில், மார்பில் கவசம், முகத்தில் கண்ணாடித் தடுப்போடு, இரண்டு பக்கமும் மண்டையோட்டுப் பலகை நட்டிருந்த ஒற்றையடிப் பாதையில் நடந்தார். கால் போன குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டார். அப்போது ஆட்சியில் இருந்த கட்சியைச் சேர்ந்த ஒரு இணையமைச்சரே, தேவையில்லாமல் அரசியலில் மூக்கை நுழைக்கிறார் என்கிற மாதிரி அவரைக் கடிந்து பேசினார். டயானா பின்வாங்கவில்லை. ஆகஸ்டில் போஸ்னியாவுக்கும் போய், கண்ணிவெடியில் பிள்ளைகளை, கணவனைப் பறிகொடுத்தவர்களின் வீடுகளில் உட்கார்ந்து பேசினார். அந்த மாதக் கடைசியில், 31-ம் தேதி அதிகாலையில், 36 வயதில் செத்துப்போனார்.

கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தை அவர்தான் கொண்டுவந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1992-லிருந்தே அதற்காக உழைத்த அமைப்புகள் உண்டு. ஜோடி வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கும், அவர் ஒருங்கிணைத்த கண்ணிவெடித் தடை இயக்கத்துக்கும் 1997-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது நியாயமானது. டயானா செய்தது வேறு. எங்கே போனாலும் கேமராக்கள் தன் பின்னால் வரும் என்று அவருக்குத் தெரியும். எனவே கேமரா போகவேண்டிய இடத்துக்கு அவர் நடந்து போனார். அவர் இறந்து மூன்று மாதத்தில், டிசம்பரில், ஒட்டாவாவில் 122 நாடுகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியா இன்னும் போடவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஹுவாம்போவில் அவர் அணிந்திருந்த கவசத்தில் ஹேலோ டிரஸ்ட் என்ற பெயர் இருக்கும். அதே அமைப்புதான் இலங்கையில் முகமாலையிலும் வெடி அகற்றியது. அங்கே வெயிலில் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டியவர்களில் போரில் கணவனை இழந்த தமிழ்ப் பெண்களும் உண்டு. 2017 டிசம்பரில் இலங்கையும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2019-ல் டயானாவின் இளைய மகன் ஹாரி ஹுவாம்போ போனார். அம்மா நடந்த வெடி நிலம் இப்போது கடைகளும் வீடுகளும் இருக்கும் ஒரு தெரு.

அவர் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவரவில்லை. அளவில்லாமல் சாப்பிட்டு வாந்தி எடுக்கும் உணவுக் கோளாறால் தான் பட்ட அவஸ்தையை 1995-ல் தொலைக்காட்சியில் அவரே வாய்விட்டுச் சொன்னார். அந்தப் பேட்டியை ஏமாற்றித்தான் வாங்கினார்கள் என்று 2021-ல் விசாரணையில் தெரியவந்து, பிபிசி மன்னிப்புக் கேட்டது. அந்தப் பேட்டியைத் திரும்ப ஒளிபரப்பவே கூடாது என்று மூத்த மகன் வில்லியம் சொன்னார். மகனின் அந்த வேண்டுகோளுக்காகவாவது உங்கள் கட்டுரை அந்தப் பேட்டியிலிருந்து அவ்வளவு வரிகளை எடுத்துப் போட்டிருக்க வேண்டாம்.

அப்புறம், அந்தக் காரின் படம். அன்று இரவு புகைப்படக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் துரத்தினார்கள். காரை ஓட்டியவரும் குடித்திருந்தார். 2008-ல் லண்டன் மரண விசாரணையில் ஜூரிகள் இரண்டு தரப்பின் அலட்சியத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அது தெரிந்த பிறகும் அதே காரைத் திரும்பத் திரும்ப அச்சடிப்பது என்னால் பார்க்க முடியாத காரியமாக இருக்கிறது.

ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த ஆகஸ்ட் 31-க்கு நீங்கள் டயானா பற்றி எழுதும்போது பிராடரிப் வார்டு படத்தைப் போடுங்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்த மனிதரை நேராகப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார் டயானா. அந்த மனிதரின் முதுகு மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. இரண்டு கையிலும் கையுறை இல்லை. தயவுசெய்து அந்தக் கைகள் நன்றாகத் தெரிகிற மாதிரி பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்