ஆறு இலக்கத்துக்காக அப்பா பாறை ஏறுகிறார்: ஒரு திறந்த மடல்

எங்கள் குடும்பத்துப் படங்களையும் பத்திரங்களையும் 2012-இலிருந்து வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்குப் பாதுகாப்புப் பிரிவினருக்கு,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பெயரை இங்கே போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும், இதே வேலையைச் செய்யும் மற்ற நிறுவனத்துக்காரர்களும் படிக்கட்டும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் வீட்டில் எட்டுப் பேர் போனிலும் கணக்கு ஒன்றாக லாக் அவுட் ஆகிவிட்டது. பழைய பாஸ்வேர்டைப் போட்டால் சரி என்கிறது, ஆனால் உள்ளே விடவில்லை. பதிவு செய்த எண்ணுக்கு ஆறு இலக்க ஓடிபி அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்கிறது. அந்த எண் அப்பாவுடையது. கணக்கு ஆரம்பித்தபோது வீட்டிலேயே மாறாத எண் அவருடையதுதான் என்று அண்ணன் அதைக் கொடுத்தார். இப்போது காப்பிப் பழம் எடுக்கும் சமயம், அப்பா ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம் எங்கள் மூன்று ஏக்கர் தோட்டத்தில் இருக்கிறார். அம்மாவும் நாங்களும் கீழே சேலத்தில், அண்ணன் வேலைக்காக ஓசூரில், அக்கா கோயம்புத்தூரில்.

அந்தத் தோட்டத்தில் சிக்னல் எப்படி என்று சொன்னால்தான் மீதி புரியும். வீட்டுக்குள் ஒரு கோடு கூட வராது. பழம் காயப்போடும் களத்தில் நின்றால் சில நாள் வரும், சில நாள் வராது. மிளகுக் கொடி ஏற்றிவிட்ட சில்வர் ஓக் மரங்களைத் தாண்டிப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறி ஏற்காடு பக்கம் திரும்பி நின்றால் இரண்டு கோடு நிற்கும். அப்பாவுக்கு 68 வயது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அம்மாவோடு பேசுவதற்காக அந்தப் பாறையில் ஏறுவார். மற்ற நேரத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது. ஆக நீங்கள் மாற்றிய நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதைத் திறக்க வேண்டுமென்றாலும் சாயங்காலம் ஆறு மணி வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் யாராவது அவசரப்பட்டு முயற்சி செய்திருந்தால் அவர் பாறையில் ஏறியதும் நாலைந்து ஓடிபி மொத்தமாக வந்து விழும், எல்லாமே பத்து நிமிடம் தாண்டிச் செத்துப்போனவை, அவர் மேலே இருக்கிற ஒன்றை வாசிப்பார், அது தவறு என்று வரும், அப்புறம் "24 மணி நேரம் கழித்து முயலுங்கள்" என்று நீங்கள் கதவைச் சாத்திவிடுவீர்கள்.

இதைத் தொந்தரவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன், அம்மாவின் விஷயம் நடக்காமல் இருந்திருந்தால். மாற்றிய இரண்டாவது வாரம் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று அண்ணி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் இருக்கிறதா, இப்போது எடுப்பதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, உங்களிடம்தான் இருக்கிறது. அப்போது மணி காலை பதினொன்று. அண்ணி கவுன்டர் பக்கத்தில் நின்றுகொண்டு பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். மலை மேலே போய் போனை வாங்கி வரலாம் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அதற்கு மேலும் போக வேண்டும். புதிதாக எக்கோ எடுத்தார்கள், அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் முன்னைக்கு இப்போது எவ்வளவு மாறியிருக்கிறது என்று டாக்டர் அன்றைக்குப் பார்க்க வேண்டியதை அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பாஸ்வேர்டு சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் எழுதியிருந்தது, அது தப்புதான். நீங்கள் கொண்டுவந்த மாற்றத்தின் நோக்கம் சரி. செய்த விதத்தில்தான் என் சண்டை.

ஒரு விஷயத்தை நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நீங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸிலேயே இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போட்டிருக்கிறது. முதல் நாள் அப்பா பாறை மேல் நின்றுகொண்டு அதைப் படித்துவிட்டு, "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே சாமி, சொல்லலாமா?" என்று கேட்டார். பாங்கில் சொல்லி, போலீஸ் சொல்லி, பேரப்பிள்ளைகள் சொல்லி, பல வருஷத்தில் அவர் மனதில் பதிந்த எச்சரிக்கை அது. நான்தான் "பரவாயில்லைப்பா, சொல்லுங்க" என்றேன். இரண்டாவது வாரத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். இப்போது போனை எடுத்ததும் காற்றுச் சத்தத்துக்கு மேல் கத்தி, ஒவ்வொரு இலக்கமாக அவரே வாசிக்கிறார். நாளைக்கு எவனோ ஒருவன், குரல் சரியாகக் கேட்காத அந்தப் பாறையில், "மாமா, நான்தான் பேசறேன், ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றால் அவர் சொல்லிவிடுவார். அது உங்கள் ஓடிபியாக இருக்கலாம், பாங்க் ஓடிபியாகவும் இருக்கலாம். யாரிடமும் சொல்லாதே என்று எழுதி அனுப்பிவிட்டு, சொன்னால் மட்டுமே திறக்கிற மாதிரி ஒரு கதவை நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். எனக்கு இரவில் தூக்கம் கெடுவது இதனால்தான்.

இன்னொன்று. மாற்று எண்ணாக அண்ணன் கொடுத்திருந்தது பெரியப்பாவின் எண். அவர் இறந்து மூன்று வருஷமாகிறது. பயன்படுத்தாத சிம் துண்டிக்கப்பட்டால், 90 நாள் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போகலாம். போய்விட்டது, கூப்பிட்டுப் பார்த்தேன், யாரோ ஒரு அம்மா எடுத்தார். எங்கள் வீட்டுப் பத்திரமும் பட்டாவும் இருக்கும் கணக்கைத் திறக்கும் எண் முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும் என்ற நிலையில், அதை நீக்க வேண்டுமென்றால் முதலில் உள்ளே வாருங்கள் என்கிறீர்கள்.

எங்கள் ரேஷன் கடையைப் பாருங்கள். ஸ்மார்ட் கார்டில் பெயர் இருக்கிற யார் வந்து விரல் வைத்தாலும் அரிசி கிடைக்கும். நடக்க முடியாதவர்கள், கைரேகை பதியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை அனுப்ப ஒரு படிவம் இருக்கிறது. குடும்பம் என்றால் பல பேர், அதில் ஒருவர் ஊரில் இருக்க மாட்டார், ஒருவர் படுக்கையில் இருப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குக் கணக்கு என்றால் ஒரே ஆள், ஒரே போன்.

நீங்கள் அறிவிப்பு அனுப்பாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "உள்நுழையும் அனுபவத்தை மேம்படுத்துகிறோம்" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு மெயில், விளம்பர மெயில்களுக்கு நடுவில் கிடந்தது, பிறகு தேடித்தான் கண்டுபிடித்தேன். அதற்கு முன் அண்ணிக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது, மோசடி என்று தள்ளிவிட்டார். இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று பொய் எஸ்எம்எஸ் வந்து பணத்தைப் பறிகொடுத்த கதைகளைக் கேட்ட ஊர் இது, அவர் மேல் தப்பே இல்லை. ஒரு மாதம் முன்னால், தமிழில், எல்லாப் போனிலும் ஆப்பைத் திறந்ததுமே தெரிகிற மாதிரி சொல்லியிருந்தால் அப்பா கீழே வந்த நாளிலேயே எல்லாவற்றையும் சரிசெய்திருப்போம்.

நாங்கள் கேட்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. போனிலேயே 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைக் காட்டும் ஆப் எத்தனையோ வருஷமாக இருக்கிறது, நேரத்தையும் ஒரு ரகசியச் சாவியையும் வைத்துக் கணக்குப் போடுவதால் அதற்கு சிக்னலே வேண்டாம். அதை ஒவ்வொருவர் போனிலும் தனித்தனியாக வைத்துக்கொள்ள விடுங்கள், யாரும் யாரிடமும் எண்ணைக் கேட்க வேண்டியிருக்காது. அப்புறம், ஒருமுறை மட்டும் பயன்படும் பத்து எண்களைக் காகிதத்தில் அச்செடுத்து வைத்துக்கொள்ளும் வசதி, அதை அம்மா பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துக்கொள்வார், அது போதும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் இறந்துவிட்டாலோ முடியாமல் போனாலோ அவருடைய உரிமையைப் பயன்படுத்த இன்னொருவரை நியமிக்கலாம் என்கிறது. உங்கள் பக்கத்தில் அதற்கான இடம் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை.

உங்கள் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுதிவிட்டேன். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 7 நாளில் தீர்க்க வேண்டும் (2026 திருத்தத்துக்கு முன் இது 15 நாளாக இருந்தது). புகார் எண் மறுநாளே வந்தது. இன்றைக்கு 19-வது நாள்.

கணக்குக்குள் இருப்பதில் பாதி வேறு எங்கும் இல்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவில் குகை வாசலில் குடையோடு உட்கார்ந்திருக்கும் அப்பாயி படம் அதில்தான் இருக்கிறது, அவருக்கு எங்களிடம் இருக்கும் ஒரே நல்ல படம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கீழே வருகிறார், அண்ணனும் அக்காவும் வருகிறார்கள். அன்றைக்கு அந்த போன் நாள் முழுக்க எங்களோடு இருக்கும். பெரியப்பாவின் எண்ணை நீக்கவும், எட்டுப் பேர் போனையும் தனித்தனியாகச் சேர்க்கவும் அதற்குள் வழி செய்யுங்கள். முடியாது என்றால் அதையாவது ஒரு மனிதர் எழுதி அனுப்பட்டும். எல்லாவற்றையும் இறக்கி ஹார்டு டிஸ்க்கில் போட்டுக்கொள்ள எங்களுக்கும் அந்த ஒரு நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டை, சேலத்திலிருந்து
உங்கள் வாடிக்கையாளர் குடும்பம்