சேர்த்துவிட்டுக் கூட்டினால் கணக்கு உதைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரவுத்தளத்தின் பல அட்டவணைகளிலிருந்து குழுவாரியாக மொத்தம் எடுக்கும் எஸ்கியூஎல் குவெரி (தரவைக் கேட்டு எழுதும் கட்டளை) பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரை எளிமையாக இருந்தது. ஆனால் அதன் முக்கியமான அறிவுரை, "தேவையான அட்டவணைகளையெல்லாம் முதலில் ஜாயின் செய்துகொள்ளுங்கள், கடைசியில் ஒரு குரூப் பை போட்டு சம் எடுங்கள்" என்பது. (ஜாயின் என்பது இரண்டு அட்டவணைகளின் பதிவுகளைப் பொதுவான புலம் வழியாக இணைப்பது, குரூப் பை குழுக்களாகப் பிரிப்பது, சம் கூட்டுவது.) இரண்டு அட்டவணை வரைக்கும் இது பெரும்பாலும் ஓடிவிடும். மூன்றாவது சேர்ந்ததும் மொத்தம் தப்பாக வர ஆரம்பிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், தப்பு என்று யாருக்கும் தெரியவும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தைத் திருத்தவே எழுதுகிறேன்.

பில்கள், உருப்படிகள், வரவுகள் என்று மூன்று அட்டவணைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பில்லில் பல உருப்படிகள் இருக்கும். அதே பில்லுக்குப் பணம் பல தவணைகளில் வந்திருக்கலாம், அவை வரவுகளில் இருக்கும். பில் எண் 101க்கு மூன்று உருப்படிகள்: 100, 200, 300. மொத்தம் 600. வந்த பணம் இரண்டு தவணை: 400, 150. மொத்தம் 550. ஆகவே பாக்கி 50.

இப்போது மூன்றையும் பில் எண் வழியாக ஜாயின் செய்து பாருங்கள். உருப்படிகளுக்கும் வரவுகளுக்கும் நேரடி உறவு கிடையாது. இரண்டுக்கும் பொதுவானது பில் எண் மட்டும்தான். அதனால் ஒவ்வோர் உருப்படியும் ஒவ்வொரு வரவோடும் ஜோடி சேரும். 3 பெருக்கல் 2, ஆக ஆறு பதிவுகள். சம் எடுத்தால் உருப்படிகளின் மொத்தம் 1200 ஆகிறது, வரவுகளின் மொத்தம் 1650 ஆகிறது. பாக்கி மைனஸ் 450. பணம் தர வேண்டியவருக்கு நாம் திருப்பித் தர வேண்டும் என்கிறது அறிக்கை.

ஒரே உருப்படி, ஒரே வரவு உள்ள பில்லில் 1 பெருக்கல் 1 என்பதால் விடை சரியாகவே வரும். சோதனைக்காகப் போட்டுப் பார்க்கும் தரவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதனால் இந்தக் குவெரி சோதனையில் தேறிவிடும், உண்மைத் தரவில்தான் காலை வாரும்.

தப்பைக் கண்டவர்கள் உடனே செய்வது, சம் என்பதற்குள் டிஸ்டிங்க்ட் என்று சேர்ப்பது. மேலே சொன்ன பில்லுக்கு அது பலிக்கும்: 100, 200, 300 மூன்றும் வெவ்வேறு எண்கள், ஆகவே 600 கிடைக்கும். இதுதான் ஆபத்து. அடுத்த பில்லில் 100 மதிப்புள்ள இரண்டு உருப்படிகள் இருந்தால் ஒன்று காணாமல் போகும். டிஸ்டிங்க்ட் நீக்குவது ஒரே மதிப்பை. அந்த மதிப்பு ஜாயினால் இரண்டு முறை வந்ததா, உண்மையிலேயே இரண்டு பதிவுகளா என்று அதற்குத் தெரியாது. வெவ்வேறு மதிப்புகள் எத்தனை என்று எண்ணும் கவுண்ட் டிஸ்டிங்க்ட் வேறு கதை. தனித்தன்மையுள்ள எண்ணின் மீது போட்டால் அது சரியாகவே எண்ணும்.

சரியான வழி, ஒவ்வொரு "பல" பக்கத்தையும் முதலில் பில்லுக்கு ஒரு பதிவு என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டு, பிறகு ஜாயின் செய்வது (கணினியில் கட்டளைச் சொற்களை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்; வித் என்பது உள் குவெரிக்குப் பெயர் வைப்பது, உ, வ, ப என்பவை சுருக்கப் பெயர்கள்):

வித் உ ஆஸ் (செலெக்ட் பில்_எண், சம்(தொகை) ஆஸ் மொத்தம் ஃப்ரம் உருப்படிகள் குரூப் பை பில்_எண்),
வ ஆஸ் (செலெக்ட் பில்_எண், சம்(தொகை) ஆஸ் மொத்தம் ஃப்ரம் வரவுகள் குரூப் பை பில்_எண்)
செலெக்ட் ப.பில்_எண், கோயலெஸ்(உ.மொத்தம், 0) - கோயலெஸ்(வ.மொத்தம், 0) ஆஸ் பாக்கி
ஃப்ரம் பில்கள் ப
லெஃப்ட் ஜாயின் உ ஆன் உ.பில்_எண் = ப.பில்_எண்
லெஃப்ட் ஜாயின் வ ஆன் வ.பில்_எண் = ப.பில்_எண்

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் வித் 2018இல் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்கள் அதே இரண்டு உள் குவெரிகளையும் ஜாயினுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் உ, வ என்ற பெயரோடு போட்டால் போதும், விடை அதேதான். வாடிக்கையாளர்வாரியாக வேண்டுமானால் இதற்கு மேல் இன்னொரு குரூப் பை போடலாம். இப்போது பில்லுக்கு ஒரே பதிவுதான் என்பதால் எதுவும் பெருகாது.

எந்த ஜாயின் பெருக்கும், எது பெருக்காது என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: நான் சேர்க்கப்போகும் அட்டவணையில், இந்தச் சாவிக்கு (இணைக்கப் பயன்படும் புலத்தின் மதிப்புக்கு) ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு இருக்க முடியுமா? உருப்படியிலிருந்து பில்லுக்குப் போவது பாதுகாப்பு, ஏனெனில் ஓர் உருப்படிக்கு ஒரே பில். பில்லிலிருந்து உருப்படிக்கு வந்தால் பில்லின் சொந்தப் புலங்கள் பெருகும். பில் அட்டவணையில் அனுப்பும் கட்டணம் 50 என்று ஒரு புலம் இருந்து, மூன்று உருப்படிகளோடு ஜாயின் செய்து அதைக் கூட்டினால் 150 வரும். ஆக, இரண்டே அட்டவணையிலும் தப்பு நேரலாம். சராசரியும் இப்படியே கெடும்: உருப்படி அதிகமுள்ள பில் பலமுறை எண்ணப்பட்டு சராசரியைத் தன் பக்கம் இழுக்கும்.

சாவிக்கு ஒரே பதிவு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் அட்டவணைகளும் ஏமாற்றும். விலைப்பட்டியலில் பொருளுக்கு ஒரு விலை என்று நினைப்போம், விலை மாறியபோது தேதியோடு இரண்டாவது பதிவு சேர்ந்திருக்கும். அன்றிலிருந்து அந்தப் பொருளின் விற்பனை இரட்டிப்பாகக் காட்டும். சாவியின் மீது குரூப் பை போட்டு, ஹேவிங் கவுண்ட்(*) > 1 (ஒன்றுக்கு மேல் பதிவுள்ள குழுக்கள் மட்டும்) என்று ஒருமுறை ஓட்டினால் இது அகப்பட்டுவிடும். ஒரே மதிப்பை இருமுறை வரவிடாத யூனிக் கட்டுப்பாடு போட முடிந்த இடத்தில் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

மேலேயுள்ள குவெரியில், மதிப்பு இல்லாத இடத்தில் 0 வைக்கும் கோயலெஸ் அலங்காரத்துக்காக இல்லை. ஒரு தவணைகூட வராத பில்லுக்கு வரவுகளில் பதிவே இல்லை, பொருந்தும் பதிவு இல்லாவிட்டாலும் இடப்பக்கப் பதிவை வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் அங்கே நல் (null, மதிப்பே இல்லை) என்று தரும். 600 கழித்தல் நல் என்றால் விடை 600 ஆகாது, நல்தான். பாக்கி பூஜ்யத்தை விட அதிகம் என்று வடிகட்டும்போது நல் அந்தச் சோதனையில் தேறாமல் கழிந்துவிடும். விளைவு: பாக்கிப் பட்டியலில் பாதி கட்டியவர்கள் இருப்பார்கள், ஒரு காசும் கட்டாதவர்கள் இருக்க மாட்டார்கள். எந்தப் பட்டியலுக்காக அறிக்கை போடுகிறோமோ அதிலேயே ஓட்டை. வெறும் ஜாயின் போட்டிருந்தாலும் அதே கதிதான்.

லெஃப்ட் ஜாயின் போட்டும் பதிவுகள் விழுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த மாதம் பில் ஏதும் இல்லாத வாடிக்கையாளர்களையும் பூஜ்யத்தோடு காட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர்களையும் பில்களையும் லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டு, வேர் (where, நிபந்தனை) பகுதியில் பில் தேதி இந்த மாதம் என்று எழுதுவார்கள். பில் இல்லாதவருக்குத் தேதி நல். நல்லை எதோடு ஒப்பிட்டாலும் விடை உண்மை என்று வராது. வேர் அவரை வெட்டிவிடும், லெஃப்ட் ஜாயின் சாதாரண ஜாயினாகிவிடும். வலப்பக்க அட்டவணை மீதான நிபந்தனை ஜாயினின் ஆன் (on) பகுதிக்குள் இருக்க வேண்டும். இடப்பக்க அட்டவணை மீதான நிபந்தனையை மட்டும் வேரில் விடுங்கள், அதை ஆனுக்குள் போட்டால் அது வடிகட்டவே செய்யாது.

இதே பட்டியலில் கவுண்ட்(*) போட்டால் பில் இல்லாதவருக்கு 1 என்று வரும். லெஃப்ட் ஜாயின் அவருக்காக ஒரு வெற்றுப் பதிவை வைத்திருக்கிறதே, அதையும் எண்ணுகிறது. கவுண்ட்(பில்_எண்) என்று எழுதினால் நல்லை விட்டுவிட்டு 0 தரும்.

எதன் மீது குரூப் பை போடுவது என்பதையும் கட்டுரை தொடவில்லை. வாடிக்கையாளர் பெயர் மீது போட்டால் ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகிவிடுவர். எண் மீது போடுங்கள், பெயரைக் காட்டுவதற்காக மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் இல்லாத புலத்தை செலெக்டில் எழுதினால் மைஎஸ்கியூஎல் முன்பெல்லாம் வாய் பேசாமல் ஏதோ ஒரு பதிவின் மதிப்பை எடுத்துக் கொடுக்கும். 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து அதைத் தடுக்கும் அமைப்பு இயல்பாகவே இயங்குகிறது, 1055 என்ற பிழை வரும். அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். பிழை நல்லதற்குத்தான் வருகிறது. மற்ற தரவுத்தள மென்பொருள்களில், போஸ்ட்கிரெஸ் முதன்மைச் சாவி (பதிவைத் தனியே அடையாளம் காட்டும் புலம்) குழுவில் இருந்தால் அதே அட்டவணையின் மற்ற புலங்களை அனுமதிக்கும், எஸ்கியூஎல் சர்வர் அனுமதிக்காது.

மாத அறிக்கையில் தேதி எல்லைக்கு பிட்வீன் (இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை) வேண்டாம். புலத்தில் நேரமும் இருந்தால், கடைசி நாள் தொடங்கும் நள்ளிரவுக்குப் பிந்தைய பதிவுகள் எல்லாம் வெளியே நின்றுவிடும். முதல் தேதியிலிருந்து, அடுத்த மாதத்தின் முதல் தேதிக்கு முன்பு வரை என்று எழுதுங்கள். பணப் புலம் டெசிமலாக (துல்லியமான தசம எண்) இருக்கட்டும், ஃப்ளோட் (தோராயமான எண்) வேண்டாம்.

முதலில் சுருக்கும் முறையில் வேகம் பற்றி ஒரு கேள்வி எழும், அது நியாயமானது. ஒரு மாத அறிக்கைக்காக வரவுகள் அட்டவணை முழுவதையும் கூட்டுவது வீண் வேலை. மாத நிபந்தனையை வெளியே மட்டும் எழுதினால் பல தரவுத்தளங்கள் அதை உள் குவெரிக்குள் கொண்டுபோகாது. ஒவ்வோர் உள் குவெரிக்குள்ளும் பில்களை ஜாயின் செய்து அங்கேயே மாதத்தை வடிகட்டுங்கள். மேலே சொன்னபடி, வரவிலிருந்து பில்லுக்குப் போகும் ஜாயின் பெருக்காது. சில பில்களுக்கு மட்டும் வேண்டுமானால் ஒவ்வொரு பில்லுக்கும் உள் குவெரியைத் தனியே ஓட்டும் லேட்டரல் போஸ்ட்கிரெஸ்ஸிலும், அவுட்டர் அப்ளை எஸ்கியூஎல் சர்வரிலும் வசதி. எதுவானாலும் வரவுகளின் பில்_எண் புலத்தில் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் அயல் சாவிக்கு (வேறு அட்டவணையைச் சுட்டும் புலத்துக்கு) தானாக இண்டெக்ஸ் போடாது, மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு முறை போடும்.

சரிபார்ப்பது எளிது. அறிக்கையில் வரும் மொத்தப் புலத்தை மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள். அதே நிபந்தனையோடு உருப்படிகள் அட்டவணையை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். வரவுகளுக்கும் தனியாக இதையே செய்யுங்கள். வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதிகமாக வந்தால் ஏதோ ஒரு ஜாயின் பெருக்குகிறது. குறைவாக வந்தால் ஜாயினோ வேரோ பதிவுகளை விழுங்குகிறது, அல்லது சாவியில் நல் இருக்கிறது. குரூப் பை நல்களை ஒரு குழுவாகச் சேர்க்கும், ஆனால் ஜாயினில் நல்லும் நல்லும் பொருந்தாது. பெருக்கலும் விழுங்கலும் ஒன்றாக நடந்து மொத்தம் ஏறக்குறைய சரியாகத் தெரிவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு ஜாயினையும் சேர்க்கும்போது கவுண்ட்(*) முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே போவது நல்லது.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளியாகும்போது, மாதிரித் தரவில் இவற்றையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: பல உருப்படியும் பல தவணையும் உள்ள ஒரு பில், ஒரே தொகையில் இரண்டு உருப்படிகள் உள்ள ஒரு பில், தவணையே வராத ஒரு பில், பில்லே இல்லாத ஒரு வாடிக்கையாளர், ஒரே பெயரில் இருவர். பத்துப் பதினைந்து பதிவுகளுக்குள் இத்தனையும் அடங்கிவிடும். வாசகர்கள் தாங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பணியில் உள்ள வாசகர் ஒருவர்