கோத்தகிரி மாப்பிள்ளைக்கு, சப்வூஃபர் மாட்டுவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளை,

போன ஞாயிறு உன் காரில் மேட்டுப்பாளையம் போய் வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். அரவேனு தாண்டி இறங்கும்போது பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்தாய். குரல் காதைக் கிழித்தது, தவில் வரவில்லை. வலந்தலை மட்டும் டக் டக்கென்று கேட்டது, தாழ்ந்த சத்தம் தரும் தொப்பிப் பக்கத்தைக் காணோம். "கம்பெனி செட் தண்டம் மாமா, எல்லாத்தையும் கழட்டிட்டு டிக்கில 12 இஞ்ச் சப்வூஃபர் பெட்டி வைக்கப் போறேன்" என்றாய்.

கழற்றாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் யோசனையிலேயே இருக்கும் பையன்கள் இந்த மலையில் நிறையப் பேர் என்பதால், எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

உன் செட் கெட்டதில்லை. கதவு ஸ்பீக்கருக்கு கோன் சின்னது, காந்தம் சின்னது, பின்னால் இருப்பதோ ஓட்டையும் இடுக்குமான தகரக் கதவு. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 தடவை, அதிர்கிறது. அவ்வளவு கீழே காற்றைத் தள்ள அந்த ஸ்பீக்கருக்குத் தெம்பில்லை. போதாததற்கு, வால்யூம் ஏற ஏற ஸ்பீக்கர் கிழியாமலிருக்க பேஸைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் கம்பெனி செட்டுகளும் உண்டு. மிச்சம் இருப்பதை இரண்டாம் கியர் உறுமலும் டயர் சத்தமும் விழுங்கிவிடும்.

ஆக, உனக்கு வேண்டியது கீழ்ச்சத்தம் மட்டும்தான். அதற்கு சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இஞ்ச் சப்வூஃபர் போதும். கீழ்ச்சத்தத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர் அது, நாம் பூஃபர் என்போமே, அதுதான். சிக்னலைப் பெருக்கும் ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும். கார் சின்ன அறை, கண்ணாடியை ஏற்றிவிட்டால் கீழ்ச்சத்தம் தானாகவே பெருகும். டிக்கி உன் அம்மாவின் கேரட் மூட்டைக்கு இருக்கட்டும். சரியாக இறுக்காத பெரிய பெட்டி கொண்டை ஊசி வளைவில் எப்படி இடிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாங்கும்போது அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்க்காதே. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேள், 150 இருந்தால் தாராளம். 'ஹை லெவல் இன்புட்' இருக்கிறதா என்றும் பார். அது இருந்தால் ஸ்டீரியோவைக் கழற்றாமலே பின்கதவு ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுக்கலாம்.

அந்த வயரை வெட்டாதே, வாரண்டி பிரச்சினை வரும். உன் வண்டிக்குப் பொருந்தும் கப்ளர் கிடைக்கும், இடையில் செருகினால் போதும். இன்னொன்று, ஸ்பீக்கரின் மைனஸ் வயரை எர்த் என்று நினைத்து பாடியில் சேர்த்துவிடாதே. இந்தக் காலத்து ஸ்டீரியோவில் இரண்டு வயரிலுமே சிக்னல் ஓடுகிறது, பாடியில் பட்டால் உள்ளே ஐசி போய்விடும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக்குடையது, அதன் பக்கமே கை போகக் கூடாது.

இனி பாட்டரி வயர். என் முதல் காருக்கு கீழே சமவெளியில் ஒரு கடையில்தான் பூஃபர் மாட்டினேன். பாட்டரியிலிருந்து வந்த வயரில் ஃபியூஸ் இல்லை. பானெட்டிலிருந்து உள்ளே வரும் தகர ஓட்டையில் ரப்பர் புஷ்ஷும் போடவில்லை. எனக்கும் பார்க்கத் தெரியவில்லை. நாலு மாதம் மலை ஏறி இறங்கியதில் தகர விளிம்பு உறையை அறுத்துவிட்டது. ஒரு மழைநாள் ராத்திரி, குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே, டேஷ்போர்டுக்குள்ளிருந்து ரப்பர் கருகும் வாடை. பின்சீட்டில் உன் அத்தை, மடியில் குழந்தை. பானெட்டைத் திறந்து சுடச்சுட டெர்மினலைப் பிடுங்கினேன். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன்: பாட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் பூஃபரைக் காப்பதற்கு என்று நினைக்காதே, வயர் தீப்பிடிக்காமலிருக்க. 8 கேஜ் செம்பு வயர் வாங்கு, நுனியை பிளேடால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடு.

எர்த்துக்கு நம் ஊரில் தனிக் கவனம் வேண்டும். பெயின்ட் மேல் போல்ட் வைத்து முறுக்கினால் ஆறு மாதத்தில் பனியும் ஈரமும் துருப்பிடிக்க வைத்து 'ங்ங்ங்' என்று இரைச்சல் வரும். உப்புத்தாள் எடுத்து ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தேய். முதலில் வெள்ளைப் பொடி உதிரும், அப்புறம் சாம்பல் நிற ப்ரைமர், கடைசியில் தகரம் பளிச்சென்று கண்ணில் அடிக்கும். பல் வாஷரோடு இறுக்கி, மேலே வாசலின் தடவிவிடு.

மாட்டியபின் பூஃபரின் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வை, அதற்குக் கீழே உள்ள சத்தத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். பேஸ் பூஸ்ட் எல்லாம் சைபர். கெயின் என்பது வால்யூம் இல்லை, ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு. ஸ்டீரியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, பேஸ் கரகரக்கும் வரை கெயினை ஏற்றி, அதிலிருந்து நன்றாகவே இறக்கு. ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பார், எதில் நிறைவாகக் கேட்கிறதோ அதுதான் சரி. அப்புறம் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார். விரல் நடுவில் குறுகுறுவென்று அதிர்ந்தால் உள்ளே அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும். நன்றாக அமைந்தால் பூஃபர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது, தவில்காரர் முன்சீட்டில் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும்.

ஒன்று மட்டும் எனக்காக. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும். இருட்டினபின் அந்தப் பகுதியில் பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை விரலளவு இறக்கி வை. கிளை முறியும் சத்தம் முதலில் காதுக்குத்தான் வரும்.

வரும் ஞாயிறு குன்னூர் வா. வயர், ஃபியூஸ் ஹோல்டர், ரப்பர் புஷ் நான் வாங்கி வைக்கிறேன், நீ பூஃபரோடு உன் 10-ஆம் நம்பர் ஸ்பேனரையும் எடுத்து வா. பாட்டரி மைனஸை முதலில் கழற்ற வேண்டும், என் ஸ்பேனர் தேய்ந்துவிட்டது. காலையிலேயே வந்துவிடு, மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கிவிடும்.

அன்புடன்,
மாமா