தோர்தோன் கரையில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கோடை விடுமுறையில் அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லாரையும் காரில் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து பிரான்சின் தென்மேற்கே, தோர்தோன் ஆற்றங்கரையில் இருக்கும் லா ரோக் கஜாக் என்ற சின்ன ஊருக்குப் போய் வந்தோம். நல்லபடியாகத் திரும்பியதில் என் சாமர்த்தியம் கொஞ்சம்தான். மீதிக்குச் சொந்தக்காரர்களுக்கு இந்த நன்றி.

முதலில் பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் இருக்கும் அக்காவுக்கு. நாங்கள் கிளம்பப் பல வாரம் முன்னாலேயே போன் போட்டு, "தம்பி, அந்த கிரிட்டேர் ஸ்டிக்கர் எடுத்திட்டீங்களோ?" என்று விடாமல் கேட்டவர் அவர். புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கண்ணாடியில் ஒட்டும் அந்த வட்ட ஸ்டிக்கர் இல்லாமல் பாரிசுக்குள் போனால் அபராதம் விழலாம்; அந்த ஸ்டிக்கரோ தபாலில்தான் வரும். இரவு தங்க இடம் கொடுத்து, காலையில் புட்டும் சம்பலும் கட்டிக்கொடுத்து அனுப்பினார்.

ஆபீஸ் நண்பருக்கும் ஒரு நன்றி. வியர்சோனிலிருந்து பிரீவ் வரை ஏ20 சாலையில் டோல் கிடையாது, அந்த வழியாகப் போ என்றார். அதைவிடப் பெரிய உபகாரம், சிவப்புக் கரை போட்ட ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டினாலே வேகம் மணிக்கு 50 கி.மீ.தான், தனியாக எண் எழுதியிருக்க மாட்டார்கள் என்று சொன்னது. டோல் இருந்த இடங்களில் என் மனைவிக்குத்தான் வேலை. நம் வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம், அங்கே சீட்டு எடுக்கும் இயந்திரம் இடப்பக்கம். ஒவ்வொரு பூத்திலும் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டியவருக்கு நன்றி சொல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

இப்போது டிராக்டர் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குறுகலான ஒரு சந்தில் எதிரே வந்த அவருக்கு வழிவிட்டு ஒதுங்கியதில் ஓரத்துச் சுண்ணாம்புக்கல் வலது முன் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. இப்போதைய கார்களில் ஸ்டெப்னி எங்கே இருக்கிறது? ஒரு பசை டப்பாவும் காற்றடிக்கும் மோட்டாரும் கொடுக்கிறார்கள். ஆணி குத்தின ஓட்டைக்கு அது சரி, கிழிசலுக்கு ஒன்றுக்கும் உதவாது. பிரான்ஸ் கிராமத்தில் ஞாயிறு மத்தியானம் என்றால் ஊரே கதவைச் சாத்தியிருக்கும். இன்சூரன்ஸ்காரர்களின் உதவி எண்ணில் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் இறங்கி வந்தார், கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், கைவிட்டுவிட்டார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் காரோடு வந்து நின்று, அம்மாவையும் பிள்ளைகளையும் தன் வீட்டு வால்நட் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி பச்சை நிறப் புதினா சிரப்பைத் தண்ணீரில் கலந்து கொடுத்ததும், அது என்ன மருந்தோ என்று அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. (இரண்டாவது கிளாஸையும் கேட்டு வாங்கிக் குடித்தது வேறு விஷயம்.) அதற்குள் பெரியவர் டயரின் மேல் படிந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்து, அதிலிருந்த அளவு எண்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்தபடியே தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போனில் சொன்னார்.

அந்த மெக்கானிக்குக்குத் திங்கட்கிழமை விடுமுறையாம். ஆனாலும் பக்கத்து டவுனான சார்லாவிலிருந்து டயர் வாங்கி வந்து, ஷட்டரைத் திறந்து மாட்டிக்கொடுத்தார். டயர் விலையும் மாட்டும் கூலியும் மட்டும்தான் வாங்கினார், மேலே ஒரு யூரோ கூட வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் நாங்கள் நீட்டிய முறுக்குப் பொட்டலத்தை மட்டும் மறுக்கவில்லை. ஒன்றை ஒடித்து, மோந்து பார்த்துவிட்டு வாயில் போட்டார்.

ஆற்றோரச் சாப்பாட்டுக்கடையில் பரிமாறிய பெண்ணை எப்படி விடுவது? நாங்கள் தங்கிய அந்தப் பெரிகோர் பகுதியில் வாத்து இல்லாமல் தட்டு நிறையாது. சுத்த சைவமான அம்மா பக்கத்து மேசையில் இருந்த உருளைக்கிழங்கு வறுவலைக் கையால் காட்ட, அந்தப் பெண் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, கையை அலகுபோல் வைத்து "குவாக், குவாக்" என்று கத்திக் காட்டினார். சார்லா பாணி உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள் என்று எங்களுக்கு அப்புறம்தான் புரிந்தது. உள்ளே போய்க் கேட்டு, வால்நட் எண்ணெய் விட்ட சாலடும் ஆட்டுப்பால் சீஸும் கொண்டு வந்து வைத்தார்.

கபார் படகுக்காரருக்கும் நன்றி. ஒரு காலத்தில் மரத்தையும் ஒயினையும் கீழே பெர்ஜராக் வரைக்கும் ஏற்றிப்போன தட்டைப் படகுகள் அவை; இப்போது எங்களைப் போன்றவர்களை ஏற்றுகின்றன. புடவையோடு ஏறிய அம்மாவைக் கைபிடித்து உட்காரவைத்தார். வீடுகளுக்கு மேலே தொங்கும் பாறையைப் பார்த்து அம்மா, "இது விழாதா?" என்று கேட்டதை என் மகள் ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் மழுப்பவில்லை. 1957 ஜனவரியில் விழுந்தது, 3 பேர் இறந்தார்கள், பிறகு திரும்பக் கட்டினோம் என்று இடத்தையும் காட்டினார்.

தங்கிய வீட்டுக்காரம்மாவுக்கு: குக்கர் விசில் சத்தத்துக்கு ஓடி வந்தீர்களே, அப்புறம் சாம்பாரை ருசி பார்த்துவிட்டுத்தானே போனீர்கள்!

இவர்களில் அக்காவையும் ஆபீஸ் நண்பரையும் என் மனைவியையும் தவிர வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் இதைப் பிரெஞ்சில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் நன்றி. கூடவே ஒரு முறுக்குப் பார்சலும் போகிறது, மெக்கானிக் முகவரிக்கு.