கடைக்குப் போய்ச் சேராத இசைத்தட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ராக் இசைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் வந்த பெயர்கள் எல்லாமே ஊர் உலகத்துக்குத் தெரிந்தவை, அவர்களைப் பற்றி இன்னொரு கட்டுரை வராவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. அருமையாகப் பாட்டுப் போட்டும் யார் காதிலும் விழாமல் போனவர்களுக்கு வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்களேன் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் சொல்வது பவர் பாப் என்கிற வகையைப் பற்றி. ஒன்றிரண்டு கிட்டார், ஒரு பாஸ், டிரம்ஸ், பாட்டு மூன்று நிமிடம், அவ்வளவுதான். கிட்டார் கரகரவென்று இரையும், மெட்டு மட்டும் அத்தனை இனிமையாக இருக்கும். பீட்டில்ஸ் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எழுபதுகளில் செய்யத் தொடங்கிய இசை.

அதில் எனக்கு முதல் பெயர் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தின் பிக் ஸ்டார். பக்கத்தில் இருந்த மளிகைக் கடையின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். 1972இல் வந்த முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்று பெயர் வைக்கும் அளவுக்கு நம்பிக்கை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அதை விற்க வேண்டிய ஸ்டாக்ஸ் நிறுவனம் கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசைக்குப் பேர் போனது, இந்த மாதிரி கிட்டார் இசையை எப்படி விற்பது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை, அப்புறம் விநியோகம் கொலம்பியா என்ற பெரிய இசை நிறுவனத்துக்குக் கைமாறியது, அந்தக் குழப்பத்தில் தட்டு பல கடைகளுக்குப் போகவே இல்லை. பத்திரிகையில் படித்துவிட்டு ஆசையாகக் கடைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பாட்டு சரியில்லை என்று தோற்றிருந்தால் மனம் ஆறிவிடும், இதை எப்படி ஆற்றிக்கொள்வது?

குழுவைத் தொடங்கிய கிறிஸ் பெல் மனம் உடைந்து விலகிவிட்டார். மீதி மூன்று பேர், அலெக்ஸ் சில்டன் முன்னால் நிற்க, 1974இல் 'ரேடியோ சிட்டி' போட்டார்கள். அதற்கும் அதே கதி. பதினாறு வயதில் வேறொரு குழுவில் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பையன் இந்த சில்டன் என்பதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. பெல் 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது வயது 27. அவர் தனியாகப் பதிவு செய்து வைத்திருந்த பாடல்கள் 'ஐ ஆம் தி காஸ்மோஸ்' என்ற ஆல்பமாக வெளிவந்தது 1992இல்தான்.

புதிதாகக் கேட்பவர்கள் 'ரேடியோ சிட்டி'யில் தொடங்கலாம். முதல் ஆல்பம் இன்னும் மெருகானது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இரண்டாவதில் எந்த நேரமும் எல்லாம் சரிந்துவிடும் போல ஒரு பதற்றம் இருக்கிறது, அதுதான் என்னை இழுக்கிறது. அதில் 'செப்டம்பர் கேர்ள்ஸ்' தொடங்கும் கிட்டாரை ஒருமுறை கேளுங்கள். கல்லூரி நாட்களில் நண்பன் பதிவு செய்து தந்த கேசட்டில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி நாடாவே தேய்ந்துபோனது.

அடுத்து நியூசிலாந்து. 1981இல் கிறைஸ்ட்சர்ச்சில் ரோஜர் ஷெப்பர்ட் என்பவர், இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஃபிளையிங் நன் என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார். டனீடின் ஊர்ப் பிள்ளைகள் பலரின் பாட்டை நாலு டிராக் மட்டுமே உள்ள எளிய பதிவுக் கருவியில் பதிவு செய்தே வெளியிட்டார்கள். தி கிளீன் குழுவின் முதல் பாட்டுக்கு ஆன செலவு ஐம்பது, அறுபது டாலர்தான், அது அந்த நாட்டின் முதல் இருபது பாடல்களுக்குள் வந்தது! பெரிய ஸ்டூடியோ இல்லாமல் முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

டனீடின் ஊரின் தி சில்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் புல் 1983இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். தன் தோல் சட்டையை நண்பர் மார்ட்டின் ஃபிலிப்ஸுக்கு விட்டுச் சென்றார். ஃபிலிப்ஸ் அந்தச் சட்டையைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார். துக்கப் பாட்டுதான், ஆனால் கிட்டார் ஆட்டம் போட வைக்கும். 2024 ஜூலையில் ஃபிலிப்ஸும் போய்விட்டார், நம் பத்திரிகைகளில் ஒரு வரி என் கண்ணில் படவில்லை. தி சில்ஸ் குழுவின் ஆரம்பகாலப் பாடல்களின் தொகுப்பு 'கலைடாஸ்கோப் வேர்ல்ட்', 1986. தி பேட்ஸ் குழுவின் 'டாடிஸ் ஹைவே'யையும் (1987) சேர்த்துக்கொள்ளுங்கள், இரவுப் பயணத்துக்கு அதுபோல வேறில்லை.

இன்னும் இருக்கிறது. நியூயார்க்கில் இருந்த தி டிபீஸ் குழுவின் 'ஸ்டாண்ட்ஸ் ஃபார் டெசிபல்ஸ்' 1981இல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் வழியாக வந்தது, சொந்த நாட்டு ரசிகர்கள் அதை இறக்குமதித் தட்டாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் டீனேஜ் ஃபேன்கிளப் பிக் ஸ்டாரைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள், அவர்களுடைய 'கிராண்ட் பிரீ' (1995) முழுக்க மெட்டு மெட்டாகக் கொட்டிக் கிடக்கும்.

இன்று இதில் பெரும்பாலானவை கைபேசியிலேயே கிடைக்கின்றன. பெயர் தெரியாததுதான் குறை. அந்தப் பெயரை நீங்கள் அச்சில் போட்டால் போதும், ஒரு வாரத்துக்கு ஒரு ஆல்பம், கூடவே எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்று ஒரு வரி. எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் முதல் நாலு வாரத்துக்கு நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருச்சி